விழிக்கும் நொடியில் விழும் கணினி

மடிக்கணினியை மூடி வைக்கிறோம். திரும்பத் திறந்தால் நீலத்திரை வருகிறது. அல்லது திரை கறுத்துக் கிடக்க, உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வுகள் நான்கு: ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள், ஹைபர்னேட்டை அணைத்துவிடுங்கள், டிரைவர்களை எல்லாம் அப்டேட் செய்யுங்கள், எதுவும் பலிக்காவிட்டால் பார்மட் போடுங்கள். இவை பல நேரம் பலிக்கவும் செய்கின்றன. ஆனாலும் ஒரு கேள்வியை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்: இதைச் செய்து முடித்தபின், பழுது எங்கே இருந்தது என்பது முன்பைவிடக் கொஞ்சமாவது தெளிவாகிறதா?

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ வரையறை கணினியின் தூக்கத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது. ஸ்லீப் எனும் எஸ்3 நிலையில் ராமுக்கு மின்சாரம் தொடரும். பிராசசர், டிஸ்க், கிராஃபிக்ஸ் எல்லாம் அணைந்துவிடும். எஸ்4 எனும் ஹைபர்னேட்டில் ராமில் இருப்பது டிஸ்கில் எழுதப்பட்டு, ராமுக்கான மின்சாரமும் நிற்கும். எதிலிருந்து விழித்தாலும், ஒவ்வொரு கருவியும் தூங்கப்போனபோது இருந்த நிலைக்கே திரும்பி வந்து நிற்க வேண்டும். அதைச் செய்வது டிரைவரின் பொறுப்பு. புதிதாக ஆன் செய்யும்போது ஒழுங்காக நடக்கும் டிரைவர், பாதியில் விட்ட வேலையைத் தொடரச் சொன்னால் தடுமாறலாம். நாள் முழுக்கச் சிக்கலின்றி ஓடும் கணினி விழிக்கும்போது மட்டும் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இப்படிப் பார்த்தால், ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் ஒரேயடியாக அணைப்பதில் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அவை இரண்டும் சேர்ந்து நமக்கு ஒரு சோதனைக்கூடம். இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். ஹைபர்னேட்டிலிருந்து நன்றாக எழுந்து, ஸ்லீப்பிலிருந்து மட்டும் விழுந்தால் சந்தேகம் பயாஸ் பக்கமும் ராம் பக்கமும் சாய்கிறது. ஸ்லீப் சரியாக இருந்து ஹைபர்னேட் மட்டும் தவறினால் டிஸ்க்கையும் அதன் டிரைவரையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் விழுந்தால் இரண்டுக்கும் பொதுவான கருவி டிரைவர்களைத் தேட வேண்டும். முடிவான தீர்ப்பாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் தேடும் இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. அணைத்துவிட்டவருக்கு இந்தத் தடயம் கிடைக்காது. மின்வெட்டு உள்ள ஊரில் இன்னொரு நட்டமும் சேரும்: யூபிஎஸ் தீரும் நேரத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது ஹைபர்னேட்தான். ஸ்லீப்பில் இருக்கும் மேசைக்கணினிக்கு மின்சாரம் போனால் ராமில் இருந்தது போனதுதான்.

அந்த நான்கில் சேராத, ஆனால் முழு மனதோடு நான் ஏற்கும் அறிவுரை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி இது. இது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருப்பகுதியும் டிரைவர்களும் ஹைபர்னேட் கோப்பில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எழுகின்றன. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பழுதுபார்ப்பவரைக் குழப்ப இதைவிட வேறு வேண்டாம்: ஷட் டவுன் செய்து ஆன் செய்துவிட்டு, ‘புதிதாகத் தொடங்கியும் சரியாகவில்லை’ என்ற தவறான முடிவுக்கு வருகிறோம். பழுது தீரும்வரையாவது இது அணைந்திருக்கட்டும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதன்பிறகும் இதற்குப் பெரிய தேவை இல்லை.

பழுதுக்கான சாட்சியங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும் குறைந்த மதிப்புள்ளதும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் தோன்றும் ‘கெர்னல்-பவர் 41’. ‘முறையாக அணையாமல் மறுபடி தொடங்கியது’ என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. இதைக் கண்டதும் பவர் சப்ளையை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பதிவின் உள்ளே ‘பக்செக் கோட்’ என்ற வரியைத்தான் படிக்க வேண்டும். அங்கே சுழியம் இருந்தால் நீலத்திரைக் குறி எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். 159 இருந்தால், அந்தப் பதின்ம எண்ணைப் பதினாறடிமானத்துக்கு மாற்ற 9எஃப் கிடைக்கும்: டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். மின்நிலை மாறச் சொல்லி அனுப்பிய கட்டளையை ஒரு டிரைவர் முடிக்காமல் பிடித்துவைத்துவிட்டது என்பதே இதற்கு வழக்கமான விளக்கம். விழும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்பை விண்டிபக் என்ற பிழைதேடும் கருவியில் திறந்து, தேங்கி நிற்கும் அந்தக் கட்டளையைப் பின்தொடர்ந்தால் பல நேரம் டிரைவரின் பெயரே கிடைக்கும். அந்தப் பெயர் தெரிந்தபின் ஒரு டிரைவரை மாற்றுவது சிகிச்சை. தெரியாமல் எல்லாவற்றையும் அப்டேட் செய்வது, எது குணமாக்கியது என்ற தடயத்தையும் அழித்துவிடுகிறது. பழைய டிரைவருக்குத் திரும்புவதே சரியான தீர்வாக இருக்கும் வேளைகளும் உண்டு.

டம்ப் எப்போதும் கிடைக்காது என்பதே இந்தப் பழுதின் கொடுமை. கணினி அப்படியே உறைந்து போனால் எழுத ஆளில்லை. லினக்ஸ் கெர்னல் இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. விழிக்கும் வேளையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற அடையாளத்தை, அந்த வசதியை இயக்கியிருந்தால், அது கடிகாரச் சில்லில் எழுதிவைக்கிறது. மறுதொடக்கத்திலும் அழியாத இடம் அது. கடிகாரம் தவறான நேரம் காட்டும், ஆனால் தடயம் தப்பிவிடும். தூக்கத்தின் படிகளை ஒவ்வொன்றாக, பாதி வழி மட்டும் சென்று திரும்பிச் சோதிக்கும் வசதியும் அதில் உண்டு. விண்டோஸ் பயனருக்கு இவ்வளவு எளிய படிப்படிச் சோதனை கையில் இல்லை. இதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை உற்பத்தியாளர்களுடையது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 இல்லை. அதற்குப் பதிலாக வந்த மாடர்ன் ஸ்டாண்ட்பையில் கணினி எஸ்0 நிலையிலேயே, குறைந்த மின்சாரத்தில், இடையிடையே வேலை செய்துகொண்டு கிடக்கும். எஸ்3 கணினிக்கு எழுதிய குறிப்புகள் இதற்குப் பொருந்தா. எனவே கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை /ஏ சேர்த்து ஓட்டி, நம் கணினிக்கு எந்தத் தூக்கம் உண்டு என்று அறிவதே முதல் வேலை. 2018-இல் லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமல் வந்தது. பின்னர் பயாஸ் அப்டேட் மூலம் அந்தத் தெரிவு சேர்க்கப்பட்டது. பயாஸ் அளவில் முடிவாகும் இதை விண்டோஸை மறுபடி நிறுவி மாற்ற முடியாது.

பார்மட் பற்றிய என் தீர்ப்பும் இதிலிருந்தே வருகிறது. பழுது பயாஸிலோ ராமிலோ இருந்தால் அது பயன்படாது. டிரைவரில் இருந்தால், அதே டிரைவர் மறுபடி நிறுவப்படும்போது பழுதும் திரும்பி வரும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டி, பயாஸை அப்டேட் செய்து, டம்ப்பைப் படித்து முடித்தபிறகே பார்மட்டுக்கு இடம் உண்டு. கடைக்குக் கொண்டுபோகுமுன் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பார்மட் போட்டபின் அது கிடைக்காது.