கேட்ட செவியின் சாட்சியம்: பழைய இசைநூல்களும் ஊவாத் தோட்டத்துப் பாடல்களும்

இசை பற்றிய நூல்கள் விரைவில் மூப்பெய்துவன என்பது பொதுவான எண்ணம். புதிய ஆவணமொன்று கிடைத்ததும் பழைய நூலின் ஆண்டுக்கணக்குப் பிழைபடுகின்றது. ஒலிப்பதிவு பெருகியதும் அதன் வருணனை மிகையாகத் தோன்றுகின்றது. இவ்வெண்ணம் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை மேனாட்டு இசைநூல்கள் சிலவற்றைக் கொண்டும், பதுளை முதலாய ஊவாத் தோட்டங்களின் பாடல்மரபைக் கொண்டும் ஆராய்தல் தகும். இவை ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவை. ஆயினும் காதாற் கேட்டதை எழுத்தில் வைத்தால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்னும் வினா ஈரிடத்தும் எழுகின்றது.

பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியரான கத்பர்ட் கெர்டில்ஸ்டன், மொசார்ட்டின் பியானோ கொன்செர்ட்டோக்கள் பற்றிய தமது நூலை 1939இல் பிரெஞ்சில் வெளியிட்டார். 1948இல் அது ஆங்கிலத்தில் வந்தது. கொன்செர்ட்டோ என்பது தனி வாத்தியமொன்று பெரும் வாத்தியக்குழுவோடு எதிர்நின்றும் இணங்கியும் நடத்தும் உரையாடல். நமது கச்சேரியின் பாட்டும் பக்கவாத்தியமும் என்னும் உறவைக் கொண்டு இதனை விளங்க முயல்வது வழிதவறச் செய்யும். மொசார்ட்டிடம் பெரும்பாலும் குழுவே முதலிற் பேசுகின்றது. தனி வாத்தியம் காத்திருந்து நுழைகின்றது. அந்நுழைவின் பொருளை டொனல்ட் பிரான்சிஸ் டோவி 1903ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஒரே செய்தி இருமுறை கூறப்படுகின்றது என்ற பாடநூல் விளக்கத்தை மறுத்து, ஒருவர்க்கும் பலர்க்குமிடையிலான நாடகமாக அவர் அதனைக் கண்டார். எடின்பரோவில் தம் குழுவின் நிகழ்ச்சிகளைக் கேட்க வந்தோர்க்கு அவர் எழுதிய குறிப்புகளே பின்னர்த் தொகுதிகளாயின. கொன்செர்ட்டோத் தொகுதி 1936இல் வெளிவந்தது.

இந்நூல்கள் தவறற்றன அல்ல. மொசார்ட்டின் கடைசிப் பியானோ கொன்செர்ட்டோ அவர் இறந்த ஆண்டாகிய 1791இன் சனவரியில் நிறைவுற்றது. ஆகவே அதில் விடைபெறும் துயரைக் கேட்பது பழைய எழுத்தாளரிடையே வழக்கமாயிற்று. பின்னாளில் அலன் டைசன் என்பார் மொசார்ட் பயன்படுத்திய தாள்களையே ஆராய்ந்து, அதன் பெரும்பகுதி 1788 அளவிலேயே தொடங்கப்பட்டிருக்கலாம் எனக் காட்டினார். வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு இசைக்குப் பொருள் கூறுவோர் அடைந்த தோல்வியாகவே இதனைக் கொள்ளல் வேண்டும்.

எனினும் கெர்டில்ஸ்டனின் நூல் இன்னும் படிக்கப்படுகின்றது. இக்கொன்செர்ட்டோக்கள் பல அரங்கில் அரிதாகவே ஒலித்த காலத்தில், இசைத்தட்டும் எளிதிற் கிட்டாத நிலையில், ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழைகின்றது, எங்கே இசை திரும்புகின்றது, எங்கே தயங்குகின்றது என்று அவர் எழுதினார். இன்று எல்லாம் பதிவாகிவிட்டன. ஆயினும் ஓரிடத்தில் ஏன் செவி நின்றுவிடுகின்றது என்பதைப் பதிவு தானாகச் சொல்வதில்லை. அதைச் சொல்வது நூல். காலக்கணக்குப் பிழைத்தாலும் அவ்வருணனை பிழைப்பதில்லை. தமிழிலும் 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலுக்கு இஃது ஒருவாறு பொருந்தும். சுருதிக் கணக்குகளில் அறிஞர் வேறுபடுவர். எனினும் மறைந்த வாத்தியமொன்றைக் கணிதத்தாலும் சொல்லாலும் கேட்க முயன்ற அந்நூலை விலக்கிவிட்டு எவரும் மேற்செல்ல இயலாது.

இனி ஊவாவுக்கு வரலாம். மலையக மக்களின் பாடல்களை நூலாக்கியோருள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, தொழிற்சங்கத்திலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர் அவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். அவரது மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் தொகுப்பு 1983இல் சென்னையில் வெளிவந்தது. கொழுந்து பறிப்போரையும் கங்காணியையும் அவர் புறத்தே நின்று நோக்கவில்லை. பாடலைப் பாடுவோரின் வாழ்விலிருந்து பிரித்தெடுத்து இலக்கியமாக்க முனையாமையே அவருடைய பெருஞ்சிறப்பு. பிரசாவுரிமைச் சட்டம் 1948இலும், பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இலும் வந்தன. பாடியவர்கள் பலர் நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சிதறிய பின்னர் அத்தொகுப்பு வெளிவந்தது என்பதை மறத்தலாகாது.

ஆனால் அங்கே சொற்களே அச்சேறின, மெட்டு ஏறவில்லை. கெர்டில்ஸ்டன் ஒவ்வொரு கருப்பொருளையும் சுரக்குறிப்போடு தந்தமையால், அவர் கூற்றை வாசகர் சோதித்து மறுக்கவும் இயலும். நம் தொகுப்புகளில் அவ்வாய்ப்பு இல்லை. ஒப்பாரியில் எவ்வடி இழுக்கப்படுகின்றது, தாலாட்டில் எங்கே மூச்சு விடப்படுகின்றது என்பவை தாளில் இல்லை. மேலும், அவர் வளர்ந்தது நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்து வழக்குகளை அத்தொகுப்பொன்றே முழுதும் காட்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. பதுளைக்குப் புகையிரதம் 1924இலேயே வந்தது. அதற்கு முன் குடியேறியோர் இறுதிவழியை நடந்தே கடந்தவர்கள். அந்நடையின் பாடல்கள் எந்த நடையில் அமைந்தன என்பது வெறும் யாப்பு வினா அன்று.

தோட்டத்தில் லயம் என்றால் குடியிருப்பு வரிசை. இசையில் லயம் என்றால் காலவொழுங்கு. இவ்விரு லயங்களும் சந்திக்குமிடம் தப்பு. விடியலில் பெரட்டுக்கு அழைத்ததும், சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்கியதும் அதுவே. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மதனும் ஆட, சிவன் மதனை எரிக்கும் கட்டம் வரை கூத்தை நடத்திச் செல்வது பாட்டும் தப்புமே. கதையை எழுதியோர் உளர். அடவையும் ஒப்பனையையும் குறித்தோரும் உளர். தப்பின் அடி எங்கே மாறுகின்றது, பாடுவோர் குரலும் கூட்டத்தின் குரலும் எவ்விடத்தில் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன என எழுதியோர் அரியர். ஒருவரும் பலரும் என்று டோவி கண்ட நாடகம் இங்கும் உண்டு.

இன்று கைபேசியில் இக்கூத்துகள் பதிவாகின்றன. நல்லதே. ஆயினும் அவற்றுட் பல, யார் பாடினார், எந்தத் தோட்டம், எந்த இரவு என்ற குறிப்புமின்றிக் கிடக்கின்றன. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உள்ளது. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவரும் உளர். அவர்களுட் பலர் இக்கூத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள்.