வசந்தவல்லியின் பந்துக்கு எந்தப் பாட்டு?

பழைய நாவலின் காட்சி ஒன்றை எடுத்து அதற்கு இன்றைய பாட்டைப் பொருத்திப் பார்ப்பது இளைய வாசகர்களுக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தான் இதில் அதிகம் அடிபடுகிறது. பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் சொல்லைப் பார்க்கிறார்கள்: நதி வந்தால் நதிப் பாட்டு, பிரிவு வந்தால் சோகப் பாட்டு. எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. காட்சிக்குள் ஓர் உடல் அசைகிறது. அந்த அசைவின் நடையோடு பாட்டின் தாளம் சேருகிறதா என்பதை முதலில் கேட்க வேண்டும். சொற்பொருத்தம் அதற்குப் பிறகு. பந்து, வளையம், ரிப்பன் எடுத்து ஆடும் தாள ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைக்கு இசை தேடுகிற பயிற்சியாளர் இப்படித்தான் யோசிப்பார். அதனால்தான் இது விளையாட்டுப் பக்கத்தில் பேச வேண்டிய விஷயம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம்; தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியிலுள்ள மேலகரம் வரை போனால் போதும்.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய 'திருக்குற்றாலக் குறவஞ்சி' நாவல் அல்ல, ஆடிப் பாடுவதற்கான நாடகம். ஆனாலும் கதையும் பாத்திரங்களும் காட்சி மாற்றங்களும் உள்ள நூல் அது. அதில் நாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் இடம், தமிழில் உள்ள மிகக் கூர்மையான விளையாட்டு வர்ணனைகளில் ஒன்று என்பேன். வளையல்கள் வெற்றி முழக்கம் இடுகின்றன, சிலம்பும் தண்டையும் புலம்புகின்றன, கண்கள் கெண்டைமீனாகப் புரளுகின்றன. பார்த்து நிற்கிறவர்களுக்கு ஒரு திகைப்பு: மனம் முந்தியதா, விழி முந்தியதா, கை முந்தியதா? மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. அவர் பார்த்து முடிவெடுத்தாரா, முடிவெடுத்த பிறகு பார்த்தாரா என்று இன்றைய விளையாட்டு அறிவியல் துருவுவதும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான். பாட்டின் ஒலியைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். மெல்லினமும் வல்லினமும் அடுத்தடுத்து வந்து மோதும் சொற்களாகவே கவிராயர் பொறுக்கி அடுக்கியிருக்கிறார். வாய்விட்டுப் படித்தால் ஒவ்வொரு வல்லினத்திலும் பந்து தரையில் விழுந்து எழும். இதற்கு நெடுங்காலம் முன்பே கொங்குவேளிரின் 'பெருங்கதை' பந்தடிப் போட்டியைப் பாடியது. அங்கே யார் எத்தனை அடித்தாள் என்ற எண்ணிக்கை உண்டு. கவிராயர் எண்ணிக்கையைத் தரவில்லை, ஆட்டத்தின் நடையைத் தந்தார்.

அந்த நடையை நவீன இசை எப்படிக் கையாண்டது என்பதற்கு 1994இல் வந்த 'காதலன்' படம் இருக்கிறது. 'முக்காலா', 'ஊர்வசி' என்று நாடெங்கும் ஆடவைத்த பாடல்களுக்கு நடுவே ஏ.ஆர்.ரஹ்மான் இந்தக் குறவஞ்சியின் பந்தாட்டப் பாட்டையும் வைத்தார். மற்றப் பாடல்களின் பக்கத்தில் அது விருந்தாளி போல ஒதுங்கி நிற்கவில்லை. சொல்லுக்குள் ஏற்கெனவே துள்ளல் இருந்தது. மெட்டு அதை உடைக்காமல் அதன் மேலேயே நடந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே இசையமைப்பாளர் 'பொன்னியின் செல்வன்' படத்துக்காகப் போட்ட 'பொன்னி நதி' பாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். கேட்கச் சுகமான, பாய்ந்து போகிற பாட்டு. ஆனால் கல்கியின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவனின் குதிரை களைத்துப்போய், வீரநாராயண ஏரிக் கரையில் மெள்ள நடக்கிறது. ஆடிப்பெருக்குக் கூட்டத்தையும் நீர் நிறைந்த ஏரியையும் அவன் ஆற அமரப் பார்க்க முடிவது அந்தக் குதிரை ஓடாததால்தான். திரைக்கதைக்கு வேகம் தேவைப்பட்டிருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. நாவலின் அந்தக் காட்சிக்கு அதுவே பொருத்தமான பாட்டு என்று சொல்லும்போதுதான் மறுக்கிறேன். சொல் பொருந்துகிறது, குதிரையின் கால் பொருந்தவில்லை.

தாளம் உடலை என்ன செய்யும் என்பதற்கு ஓடுதளத்திலேயே சான்று உண்டு. எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்ஹாமில் 2000 மீட்டர் உள்ளரங்க உலக சாதனை படைத்தபோது, அரங்கில் ஒலித்த 'ஸ்காட்மேன்' என்ற பாப் பாட்டின் தாளத்துக்குத் தன் அடிகளை ஒத்திசைத்து ஓடினார் என்பது விளையாட்டு உளவியலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி. அந்தப் பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் பொருள் அளவில் ஒரு தொடர்பும் கிடையாது. பனிச்சறுக்கு நடனத்தின் ஒற்றையர், இணையர் போட்டிகளில் பாடல் வரிகள் உள்ள இசை 2014-15 பருவத்திலிருந்துதான் அனுமதிக்கப்பட்டது. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் தரைப் பயிற்சி இன்றும் வரிகள் இல்லாத இசைக்குத்தான். சொல்லே இல்லாமலும் பொருத்தம் அமையும் என்பதற்கு அந்தத் தரைப் பயிற்சியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். நாடகத்துக்குத் தாளம் உண்டு, மௌனமாகப் படிக்கும் நாவலுக்கு ஏது தாளம் என்பது ஒன்று. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் அங்கேயே மறைந்த, கவிதை ரசனைக்குப் பேர்பெற்ற ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை விளக்க உட்கார்ந்தால், அதை மறுபடி மறுபடி சொல்லிக் காட்டி, அதன் தாளத்தைக் கேட்பவர் காதில் ஏற்றிவிட்டே பொருளுக்குப் போவார். உரைநடைக்கும் அந்தக் காது வேண்டும். டி.கே.சி.யின் நெருங்கிய நண்பரான கல்கியின் வாக்கியங்கள் ஏரிக் கரையில் நீண்டு நடக்கின்றன, சண்டை வந்தால் குறுகுகின்றன. வாசகர் மூச்சு விடும் இடமே நாவலின் தாளம். இன்னொரு மறுப்பு வலுவானது: முரணும் ஓர் அழகுதானே, வேகமான சண்டைக்கு மெதுவான பாட்டை வைத்தால் மனம் கனக்கவில்லையா? கனக்கிறது. அதை வைத்தவர் காட்சியின் நடையை அறிந்து, தெரிந்தே எதிரில் போனதால் கனக்கிறது. நடையைக் கவனிக்காமல் வைத்த பாட்டில் முரண்கூட இருக்காது, இரண்டும் தனித்தனியே ஓடும்.

நவீன இசையைப் பழைய நூல்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது என் கட்சியே அல்ல. இதே குறவஞ்சியில் குறவன் சிங்கன் பறவைக்குக் கண்ணி வைக்கும் இடத்தில் குத்துப்பாட்டை வைத்தால் பறவை ஒன்றும் தங்காது. அங்கே காத்திருப்புதான் ஆட்டம். ஆனால் காணாமல்போன மனைவி சிங்கியைக் கண்டுபிடித்து, உன் காலில் கிடப்பதென்ன, கழுத்தில் மின்னுவதென்ன என்று சந்தேகத்தோடு அவன் கேட்கக் கேட்க, அந்தந்த ஊரில் குறி சொல்லிப் பெற்ற பரிசென்று அவள் சளைக்காமல் திருப்பி அடிக்கும் இடம் இருக்கிறதே, எதிரெதிர் நின்று சொல் வீசும் ராப் பாடகர்களுக்கென்றே எழுதிவைத்தது போல இருக்கும். சாரல் பருவத்தில் குற்றாலத்தில் அரசு நடத்தும் சாரல் விழாவில் இந்தச் சொற்போரையும் வசந்தவல்லியின் பந்தாட்டத்தையும் மேடையேற்றலாம்: சிங்கன் சிங்கியாக இரண்டு ராப் பாடகர்கள், வசந்தவல்லியாக, தாள ஜிம்னாஸ்டிக்ஸில் தேர்ந்த ஒரு தமிழ்நாட்டு வீராங்கனை, 400 கிராம் எடையுள்ள அந்தப் போட்டிப் பந்தோடு. கவிராயர் எழுதிய நடையிலேயே பாட்டு ஓடட்டும், பந்து தவறுகிறதா என்று பார்ப்போம்.