இற்செறிப்பு இன்னும் முடியவில்லை!

சங்க அகப்பாடல்களைக் கற்றோர் ‘இற்செறிப்பு’ என்னும் சொல்லை அறிவர். தலைவி தினைப்புனம் காத்தாள், கவண் வீசினாள், தட்டை கொண்டு கிளி ஓட்டினாள், அருவியில் நீந்தினாள், ஊசலாடினாள். ஒரு நாள் தாய் அவள் வளர்ச்சியைக் கண்டாள், ஊரின் வாயைக் கேட்டாள், வீட்டுக்குள் நிறுத்தினாள். புனம் போயிற்று, அருவி போயிற்று, ஊசலும் போயிற்று. காதலுக்கு நேர்ந்த தடை என்றே இதனை நமக்குக் கற்பித்தனர். தலைவன் வருந்துவான், தோழி வரைவு கடாவுவாள் என்று தேர்வுக்கு எழுதினோம். கவண் வீசிய கை என்னவாயிற்று, மலையேறிய கால் என்னவாயிற்று என்று நாம் அமர்ந்திருந்த வகுப்பறைகளில் ஒருவரும் கேட்டதில்லை!

பின்வந்த இலக்கியம் என்ன செய்தது? பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். மூன்றும் விளையாட்டே! ஆனால் அந்த ஊசலோடு நூலும் முடிந்துவிடுகிறது. பெண்ணின் விளையாட்டும் முடிந்துவிடுகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். புலவரின் கண் பந்திலா நிற்கிறது? இடையில் நிற்கிறது! கொடியிடை, நூலிடை, மின்னிடை என்று பாடிப் பாடிப் பெண்ணை இளைக்க வைத்தனர். அந்த நூலிடைதான் நாளை ஒரு பிள்ளையைச் சுமக்க வேண்டும் என்ற கவலை புலவருக்கு இல்லை.

நம்மவரையும் நாம் விட்டுவிடலாகாது. பாவேந்தரின் ‘குடும்ப விளக்கு’ நம் நெஞ்சுக்கு இனிய நூல். அதன் தலைவி கற்றவள், பண்புடையவள், அறிவால் இல்லத்தை ஆள்பவள். எனினும் விடியுமுன் எழும் அவள் நாளைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது ஓர் ஐயம் எழுகிறது: இல்லத்துக்கு இத்தனை நாழிகை தந்தவள், தன் உடலுக்கென எத்தனை நாழிகை பெற்றாள்? நூல் தோன்றிய காலத்தில் எழாத கேள்வியாயிருக்கலாம். இன்று எழுந்தே தீரும்.

ஏன்? திருநின்றவூரைப் பாருங்கள். இவ்வூர்ப் பெருமாள் கோயிலின் தாயாருக்குப் பெயர் ‘என்னைப் பெற்ற தாயார்’. பெற்றவளைத் தெய்வமாக்கிய ஊர்! பெறப்போகிறவளை என்ன செய்கிறது? மற்ற ஊர்களைப் போலவே மஞ்சள் நீராட்டு விழாவோடு அவள் விளையாட்டுக்கும் தலைமுழுகுகிறது. “ஓடாதே, குதிக்காதே, கருப்பை இறங்கிவிடும்” என்கிறது. மணமான மூன்றாம் திங்களில் “விசேஷம் உண்டா?” என்கிறது. காலையில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், இரவில் நின்றுகொண்டே திரும்பி, அடுப்படியிலும் நிற்கும் பெண்ணிடம், “உனக்கெதற்கு உடற்பயிற்சி, உழைக்கிறாயே!” என்கிறது. நிற்பது களைப்பைத் தரும். நெஞ்சுக்கும் தசைக்கும் வலுவைத் தந்துவிடாது.

அச்சுறுத்தும் மூடநம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். களைத்ததைக் கண்ட கனவான்கள் அந்த ஓட்டத்தையே நீக்கினர். 1960-இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. அச்சம் பொய்யென மெய்ப்பித்தவள் நம் நாட்டிலேயே இருக்கிறாள். மணிப்பூரின் மேரி கோம் 2002, 2005, 2006 ஆண்டுகளில் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றார்; 2007-இல் இரட்டையரைப் பெற்றார்; 2008, 2010, 2018-இல் மீண்டும் வென்றார். முன்னும் மூன்று, பின்னும் மூன்று! எந்தக் கருப்பை இறங்கிற்று?

இறங்காத கருப்பைக்கு அஞ்சும் சமூகம், ஏறும் சர்க்கரைக்கு அஞ்சவில்லை. மருத்துவர் வி. சேஷையாவும் அவர் குழுவினரும் 2005 முதல் 2007 வரை தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், கருவுற்ற பெண்களிடையே நீரிழிவு நகரில் 17.8 விழுக்காடு, சிறுநகரில் 13.8, சிற்றூரில் 9.9 எனக் கண்டனர். கருவுற்ற காலத்தில் நச்சுக்கொடியின் சுரப்புகள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இயங்கிப் பழகிய தசை இரத்தத்தின் சர்க்கரையை எளிதில் ஏற்கும். முடங்கிய தசை ஏற்கத் தடுமாறும். கருவுறுமுன் மிகுதியாக உடலுழைத்த பெண்களுக்கு, மிகக் குறைவாக இயங்கியோரைவிட, இந்நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கட்டுரை காட்டிற்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம், இரு நாள் தசைப் பயிற்சி என்பது 2020-இல் உலக நல நிறுவனம் வளர்ந்தோர்க்கு வகுத்த அளவு. ஒரு நாளைக்கு அரைமணிகூட ஆகாத அளவிலிருந்து தொடங்குகிறது இது!

ஆனால் நாம் செய்வதென்ன? சர்க்கரை கண்ட பிறகு, “நடம்மா, நட” என்கிறோம். பதின்மூன்று வயதில் கட்டிய காலை இருபத்தைந்தில் அவிழ்த்துவிட்டு ஓடச் சொல்கிறோம்.

ஒன்றை மறக்கலாகாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர், 40.4 விழுக்காட்டினர் மிகை எடை உடையோர். ஆகவே, கடைசிப் பந்தியில் மிச்சம் உண்பவளுக்கு ஓட்டத்தைக் கற்பிப்பது கொடுமை. முதற்பந்தியில் அவளை அமர்த்திய பின்னரே திடலுக்கு அழைப்பது அறிவு.

இன்னொன்றும் உண்டு. நல்ல பிள்ளை பெறவே பெண் ஓடவேண்டும் என்றால், நாமும் நூலிடை பாடிய புலவரின் உடன்பிறப்புகளே! அவர் அழகுக்காகப் பெண்ணைப் பார்த்தார். நாம் கருவுக்காகப் பார்க்கிறோம். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று கேட்ட பெரியார், அந்நூலிலேயே கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காக வற்புறுத்தினார். பெறுவதும் பெறாதிருப்பதும் அவள் உரிமை. ஆகவே பயிற்சியும் அவளுக்காகவே. தாயானால் அவ்வலிமை துணைநிற்கும், தாயாகாவிடினும் அவளுடையதே.

பூசலார் என்னும் அடியார் பொருளில்லாமல் மனத்திலேயே கோயில் கட்டினாராம். இறைவன் அங்கே குடிபுகுந்தாராம். பெரியபுராணம் சொல்லும் இக்கதை இதே திருநின்றவூருக்கு உரியது. தோழர்களே, மனக்கோயிலில் இறைவன் குடிபுகலாம். மனத்திடலில் எந்தப் பெண்ணும் ஓட முடியாது! மண்ணில் திடல் வேண்டும், விளக்கு வேண்டும், கேலி பேசாத இளைஞர் வேண்டும், வயதுக்கு வந்த மறுநாளும் பந்தைப் பறிக்காத தாய் தந்தையர் வேண்டும், மாலையில் அரைமணி அடுப்பை ஏற்கும் கணவன் வேண்டும். முதல் நான்கையும் கேட்டுப் பெறுவோம். ஐந்தாவதற்கு யாரிடமும் மனுப்போட வேண்டுவதில்லை. நம் வீட்டில் இன்றே தொடங்கலாம்.