பச்சை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள்

ஒரு நாவல் முதலில் எழுதப்பட்டு, அதன் பாத்திரங்கள் பிறகு நிஜத்தில் பிறந்து வருவது அபூர்வமான காரியம். மைக்கல் முஹம்மத் நைட் எழுதிய 'த தக்வாகோர்ஸ்' நாவலுக்கு அது நடந்தது. நைட் வெள்ளை இன அமெரிக்கர். மல்கம் எக்ஸின் சுயசரிதையைப் படித்துப் பதின்ம வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர். பதினேழு வயதில் இஸ்லாமாபாத்தின் பைஸல் மஸ்ஜிதுக்கு ஓதப் போனவர். ஊர் திரும்பிய சில காலத்தில் மனம் கசந்து எழுதியதுதான் இந்த நாவல். பஃபலோ நகரத்தில் ஒரு வீடு. அதில் முஸ்லிம் இளைஞர்கள் கூட்டமாகக் குடியிருக்கிறார்கள். தொழுகையும் அங்கேதான், 'பங்க்' இசைக் கூத்தும் அங்கேதான். புர்கா அணிந்த பெண்ணொருத்தி எல்லோரையும்விடக் கடுமையாகக் கேள்வி கேட்கிறாள். தக்வா என்ற எமது சொல்லையும், பங்க் இசையின் மூர்க்கமான கிளையான 'ஹார்ட்கோர்' என்பதன் பின்பாதியையும் ஒட்டவைத்துத் தலைப்பு வைத்தார்.

அப்படி ஒரு கூட்டம் அப்போது எங்கும் இருக்கவில்லை. நைட் பிரதியை போட்டோகொப்பி எடுத்துக் கையால் விநியோகித்தார். பிறகு அச்சிலும் வந்தது. படித்த பிள்ளைகள் இந்த இசைக்குழுக்களை எங்கே காணலாம் என்று விசாரித்தார்கள். டெக்ஸாஸ் பக்கத்துப் பையன் ஒருவன் நாவலில் வரும் கவிதைக்கு மெட்டுப் போட்டே பாடிவிட்டான். பொஸ்டனில் பாகிஸ்தானியப் பெற்றோரின் பிள்ளைகள் 'த கோமினாஸ்' என்று கிளம்பினார்கள். உருதுவில் கமீனா என்றால் கீழ்மகன், போக்கிரி. ஏசுவோர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கித் தம் பெயராக்கிக்கொண்டார்கள். சிக்காகோவில் 'அல் தவ்ரா', வன்கூவரில் முற்றிலும் பெண்களான 'சீக்ரட் ட்ரயல் ஃபைவ்'. 2007இல் இப்படி ஐந்து குழுக்கள் பச்சை வண்ணம் பூசிய பழைய பாடசாலை பஸ் ஒன்றில் ஏறி அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டன. அந்தப் பயணத்தைத்தான் மொன்றியலின் ஐஸ்டீல் நிறுவனத்துக்காக உமர் மஜீத் படமாக்கினார். 2009இல் 'தக்வாகோர்: த பர்த் ஒஃப் பங்க் இஸ்லாம்' என்ற பெயரில் வெளிவந்தது.

பங்க் இசை எமது காதுக்குப் பழக்கமானதல்ல. எழுபதுகளின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் கிளம்பியது. மூன்று சுரக்கூட்டுத் தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்பது அதன் சட்டம். கன்னத்தில் ஊசி குத்திக்கொள்வார்கள், ஆடையைக் கிழித்து அணிவார்கள், பாட்டை விடச் சத்தம் கூடுதலாக இருக்கும். எனக்குச் சொற்கள் பாதிதான் பிடிபட்டன. ஆனாலும் தோட்டத்தில் தப்பு முழங்கும்போது அதன் பொருளை யாரும் அகராதியில் தேடுவதில்லை.

படத்தின் முற்பாதி நன்றாகவே இருக்கிறது. பஸ்ஸுக்குள் நெருக்கியடித்த உடல்கள், தூக்கமின்மை, கோமாளித்தனம், சண்டை, சிறிய அரங்குகள், அதைவிடச் சிறிய கூட்டம். மஜீத் இவற்றை ஒழுங்குபடுத்திக் காட்ட முனையவில்லை. பையன்கள் பல இடங்களில் சிறுபிள்ளைத்தனமாக நடந்துகொள்கிறார்கள். சில வரிகள் எந்த ஜமாஅத்தையும் புண்படுத்தவே எழுதப்பட்டவை. எனக்கும் அவை உவப்பாக இல்லை. ஆனால் செப்டம்பர் 11க்குப் பிறகு வளர்ந்த தலைமுறை இது. வெளியே போனால் பயங்கரவாதி, வீட்டுக்கு வந்தால் வழிதவறியவன். இரண்டு பெயரும் ஒரே நாளில் ஒருவனுக்குச் சூட்டப்பட்டால் அவன் மெல்லிசை பாடுவான் என்று எதிர்பார்ப்பதும் அதிகம்தான்.

சிக்காகோவுக்கு அருகே, வட அமெரிக்க இஸ்லாமிய சங்கமான 'இஸ்னா'வின் வருடாந்த மாநாட்டில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. பல்லாயிரம் பேர் கூடும் மாநாடு அது. யாரும் மேடையேறலாம் என்ற நிகழ்ச்சி ஒன்றில் பச்சை பஸ்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். 'சீக்ரட் ட்ரயல் ஃபைவ்' பெண்கள் பாடத் தொடங்குகிறார்கள். பெண்கள் மேடையில் பாடுவது அங்கே விதிக்கு மாறு. நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது. பொலிஸார் வந்து குழுவினரைக் கூட்டிச்சென்று வெளியே விடுகிறார்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் அந்தக் குழுவின் பெயரைக் கவனிக்க வேண்டும். சீக்ரட் ட்ரயல் ஃபைவ், அதாவது இரகசிய விசாரணை ஐவர். பாதுகாப்புச் சான்றிதழ் என்ற சட்டத்தின் கீழ், தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே பார்க்க முடியாமல் கனடாவில் அடைத்து வைக்கப்பட்ட ஐந்து முஸ்லிம் ஆண்களைக் குறிக்கும் பெயர் அது. அந்த ஆண்களின் பெயரால் பாடிக்கொண்டிருந்த பெண்களைத்தான் ஒரு முஸ்லிம் சபையிலிருந்து பொலிஸார் வெளியே கொண்டுபோனார்கள். எந்த அரச இயந்திரத்தைப் பார்த்து அவர்கள் கத்தினார்களோ அதன் கையே எமது வீட்டுக் கதவால் நுழைந்து அவர்களைப் பிடித்தது.

இலங்கை வாசகருக்கு இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் எமக்குத் தெரிந்ததே. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக அதன் கீழ்த்தான் 2020 மே மாதம் கைதானார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்த நூலில் உண்டு. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. அந்த மாதங்களில் எத்தனை இலக்கிய மேடைகளில் அவர் பெயர் உரத்துச் சொல்லப்பட்டது என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். வெளியே இருந்து வரும் பயம் உள்ளே இருப்பவர்களை ஒழுங்குபடுத்தும் கம்பாக மாறிவிடுகிறது. "இப்பவே எங்கள எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க, நீயும் ஏன்?" என்ற கேள்வி ரோஸ்மொன்ட் மாநாட்டு மண்டபத்திலும் உண்டு, எமது கிராமத்துப் பள்ளிவாசல் திண்ணையிலும் உண்டு.

உமர் மஜீத்தின் கமரா இந்த முரணில் நின்று நிலைக்கவில்லை. எனது பெரிய குறை இதுதான். பிற்பாதியில் படம் பாகிஸ்தானுக்குப் பறந்துவிடுகிறது. கோமினாஸ் இளைஞர்கள் இருவர் லாகூரில் தங்கி இசைக்குழு நடத்தப் பார்க்கிறார்கள். நைட்டும் அங்கே போகிறார், தான் ஓதிய பைஸல் மஸ்ஜிதை மீண்டும் பார்க்கிறார், தர்காவின் முழவோசையில் எதையோ தேடுகிறார். அவருடைய தவிப்பு பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் அதற்குள் அந்தப் பெண்களை மறந்துவிட்டது. மாநாட்டு மண்டபத்திலிருந்து பொலிஸார் அவர்களை இறக்கினார்கள், பச்சை பஸ்ஸிலிருந்து இயக்குநர் இறக்கிவிட்டார். மேடையில் தடுக்கப்பட்டது அவர்களது குரல், மிச்சப் படமோ ஓர் ஆணின் ஆன்மிகத் தாகம்.

கிம் லொங்கினோட்டோ 2013இல் எமது கவிஞர் சல்மா பற்றி எடுத்த ஆவணப்படத்தை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் வீட்டுக்குள் நிறுத்தப்பட்டு, ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதிய பெண் அவர். கமரா அவரை விட்டு எங்கும் ஓடுவதில்லை. அவரைத் தடுத்த மனிதர்களையும் அதே வீட்டுக்குள் இருத்திப் பேசவைக்கிறது. அவர்கள் சொல்லும் நியாயம் எமக்கு நன்றாகப் பழக்கமானது, அதனால்தான் தொண்டையை அடைக்கிறது. மஜீத் மாநாட்டு ஏற்பாட்டாளர்களில் ஒருவரையாவது அப்படி இருத்திப் பேசியிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். அவர்கள் எல்லோரும் வில்லன்கள் அல்லர், பயந்தவர்கள். பயந்தவர்களின் முகம் படத்தில் இல்லை.

லாகூர் தர்காக் காட்சியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இரத்தினபுரி மாவட்டத்துக்காரன் என்பதால். மேற்கத்தைய விமர்சகருக்கு முழவு, மயக்கம், சடை முடி எல்லாம் புதுமை. பலாங்கொடைக்கு அப்பால் கூரகல மலையில், தப்தர் ஜெய்லானியின் கந்தூரிக்குப் போய் வந்தவர்களுக்கு அது புதுமையல்ல. றிபாயி றாத்திபில் பாவாமார் றபானை அடித்துக்கொண்டே இரும்புக் கம்பியைக் கன்னத்தில் ஏற்றுவதைச் சிறுவயதில் வாப்பாவின் தோளிலிருந்து பார்த்திருக்கிறேன். லண்டன் பையன்கள் கன்னத்தில் ஊசி குத்துவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்திய வழக்கம் அது. டெனிஸ் மக்கில்வ்ரே போன்ற மானிடவியலாளர்கள் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாவாமாரை ஒருபுறம் எமது மௌலவிமார் பித்அத் என்று ஒதுக்கினார்கள். மறுபுறம் 2013இல் பொது பல சேனா அந்த மலையே உங்களுடையதல்ல என்று கூச்சலிட்டது. இங்கும் அதே இரட்டைக் கதவு.

ஆனால் பாவாமாரும் ஆண்கள்தான். கம்பி குத்திய கன்னத்துக்குக் கிடைத்த சலுகை பாடும் வாய்க்குக் கிடைக்கவில்லை. பெண்ணின் குரலே அவ்றத் என்பவர்கள் எனது உம்மும்மாவைக் கேட்டிருக்க வேண்டும். பெண்புத்தி மாலையை அவர் ராகமெடுத்துப் படித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கலியாண வீட்டில் குரவையிட்டால் சந்திவரை கேட்கும். ஆண்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், யாருடைய ஈமானும் ஆட்டங்கண்டதாக நான் அறியேன். அந்தக் குரல்களை நாம் ஒலிப்பதிவு செய்யவுமில்லை, மேடையேற்றவுமில்லை. இலக்கிய விழாக்களில் பெண் கவிஞர் வந்தால், "சுருக்கமா முடிச்சுக்கோங்க தங்கச்சி" என்கிறோம்.

நாவலையும் படத்தையும் ஒப்பிட்டால் நாவலே துணிச்சலானது. அங்கே கடைசிவரை அறையில் நிற்பவள் அந்தப் புர்காப் பெண். 2010இல் இயாத் ஸஹ்றா அதே நாவலைக் கதைப்படமாகவும் எடுத்தார். அது தனியாகப் பேச வேண்டியது.

ஆவணப்படம் சுமார் 80 நிமிடம். பொறுமையற்றவர்கள் மாநாட்டுக் காட்சியைத் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். பொலிஸாரோடு நடந்து வெளியேறும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, அவர்களுக்குப் பின்னால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவர்களின் முகத்தையும் கவனியுங்கள். ஒரு பகுதியினர் கைதட்டி ஆரவாரம் செய்தவர்கள். அடுத்த நிகழ்ச்சி என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.