இதமளிக்கும் மொழி

அழகுப் பொருள்களின் உறைகளையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். குமணன்சாவடியில் டிரங்க் ரோட்டுத் தூசியைத் தாண்டி ஒரு மருந்துக்கடைக்குள் போனால், கண்ணாடி அலமாரியில் 'சிவப்பழகு' என்ற சொல் அருகிவருவதைப் பார்க்கலாம். 'இதமளிக்கும்', 'ஈரப்பதம் காக்கும்', 'சென்சிட்டிவ் சருமத்துக்கு' என்பவை அந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கின்றன. மொழி மாறியிருக்கிறது, பார்வை மாறியிருக்கிறதா?

நியாசினமைடை எடுத்துக்கொள்வோம். அது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். 1975இல் இந்துஸ்தான் லீவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபேர் அண்ட் லவ்லியின் அடிப்படை அதுதான். 2020இல் அப்பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' வந்தது. இன்று அதே நியாசினமைடு, தோலின் தடுப்புச்சுவரைக் காக்கும் பொருளாக சீரம் குப்பிகளில் விற்கிறது. இரண்டு குணமும் அதற்கு உண்டு: நிறமி தோலின் மேலடுக்குக்குச் செல்வதையும் குறைக்கும், தோல் தன் செராமைடுகளை உண்டாக்கவும் உதவும். எதை உறையில் அச்சிடுவது என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது.

'சென்சிட்டிவ்' என்ற அடைமொழி குறையைத் தோலின்மேல் சுமத்துகிறது. ஆனால் பல முகங்களின் எரிச்சலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சிவப்பாக வேண்டும் என்று மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியவைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். 'ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கல்யாணச் சந்தையில் நிறம் கேட்கிறவர்கள் இந்த நோய்க்குறிப்பில் இடம்பெறுவதில்லை. எரித்த சந்தையே ஆற்றும் களிம்பையும் நீட்டுகிறது.

மாந்தளிர் நிற மேனியை 'மாமை' என்று போற்றியது சங்கக் கவிதை. அது வெளிறுவதைப் 'பசலை' என்று நோயாகச் சொன்னது. வெளிறல் துயரின் அடையாளமாக இருந்த மொழி நம்முடையது. அந்த மேனியும் தலைவனின் வரவைக் கொண்டே அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெண்ணின் தோல் அன்றும் பிறர் வாசிக்கும் ஏடாகவே இருந்தது.

இதம் தேடுவதில் தவறில்லை. கிளிசரின் ஈரத்தை ஈர்த்துப் பிடிக்கும். பெட்ரோலியம் ஜெல்லி அது ஆவியாகாமல் மூடும். வாசனை சேர்க்காத எளிய பூச்சே பலருக்குப் போதும். நம் வயல் வரப்பு வல்லாரை 'சிகா' என்ற பெயரில் கொரியக் குப்பியில் ஏறித் திரும்பி வரும்போது, விலையையும் ஒருமுறை பாருங்கள். உறையின் பின்பக்கத்தில் மூலப்பொருள்கள் வரிசையாக இருக்கும். இந்தத் தோல் ஏன் எரிகிறது என்ற கேள்வி அதில் இருக்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.