எழுத்தே இல்லாத புத்தகத்தை அம்மா படித்துக் காட்டினாள்

மெல்பர்னில் எங்கள் பகுதி நூலகத்தில் எட்டு வயது மகனுக்குப் புத்தகம் துழாவிக்கொண்டிருந்தேன். நைந்துபோன பழைய போட்டோ ஆல்பம் மாதிரி அட்டையோடு ஒன்று கையில் சிக்கியது. புரட்டினால் உள்ளே கதை சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை, 128 பக்கமும் பென்சில் ஓவியம்தான். அலமாரிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஷான் டானின் ‘தி அரைவல்’. பிழைக்கப் போனவர்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு எவ்வளவோ புத்தகங்கள் வந்திருக்கின்றன. இதற்கு ஈடாக ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை!

ஷான் டான் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் வளர்ந்தவர். அவருடைய அப்பா 1960இல் மலேசியாவிலிருந்து பெர்த்துக்கு வந்த சீனர். நாலு வருஷத்துக்கு மேல் உழைத்து ஷான் டான் 2006இல் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கியவர்களின் பழைய புகைப்படங்களைத் தேடித்தேடிப் பார்த்து வரைந்திருக்கிறார். அட்டையைத் திறந்ததும் 60 முகங்கள், பாஸ்போர்ட் போட்டோ அளவில், நம்மையே பார்க்கின்றன. அந்தக் கண்களை விட்டு அடுத்த பக்கம் போகவே எனக்கு நேரம் பிடித்தது.

முதல் பக்கத்தில் ஒன்பது கட்டம். காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, விரிசல் விட்ட தேநீர்க் கெண்டி, திறந்த பெட்டி, குடும்பப் படம்... ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவதைச் சொல்ல வேறென்ன வேண்டும்? பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒருவன் கப்பலேறுகிறான். அவன் ஊர்த் தெருக்களின் மேல் ஏதோ ஒன்றின் முள்வால் நெளிந்துகொண்டிருக்கிறது. அது என்னவென்று ஆசிரியர் சொல்வதே இல்லை.

அந்தச் சமயம் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தாள். இங்கிலீஷ் தெரியாது. பேரன் கொண்டுவரும் புத்தகங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “நீயே படி தங்கம்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். இதை மட்டும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

“இது டிராகன் வாலு அப்பத்தா.”

“இல்லடா, இது பஞ்சம். ஊருக்குள்ள பஞ்சம் இப்படித்தான் வரும்.”

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வால் கடனாகத் தெரிந்திருந்தது. மூன்று பேருக்கும் மூன்று வால்!

கப்பலேறியவன் போய்ச் சேரும் நகரம்தான் ஷான் டானின் மாயம். கட்டடம், பறவை, காய்கறி எதுவும் நாம் பார்த்தது கிடையாது. கடைப் பலகைகளில் உள்ள எழுத்துகூட ரோமன் எழுத்துகளை வெட்டி மாற்றி ஒட்டி அவரே உண்டாக்கியது. உலகத்தில் யாராலும் அதைப் படிக்க முடியாது. அங்கே என் மகனும் அம்மாவும் நானும் ஒன்றுபோலத் திருதிருவென்று விழித்தோம். கதையில் வரும் அந்த மனிதன் சுவரொட்டி ஒட்டும் வேலைக்குப் போய் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டி வைக்கிறான். எது நேர், எது தலைகீழ் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நமக்கும்தான் தெரியவில்லையே!

பசிக்கு ரொட்டி வேண்டும், வாய் திறந்து கேட்க முடியவில்லை. நோட்டில் ரொட்டியை வரைந்து காட்டுகிறான். இந்த இடத்தில் அம்மா பக்கத்தைத் திருப்பவில்லை. வந்த முதல் வாரம் தனியாகக் கடைக்குப் போனாளாம். உப்பு எங்கே என்று கேட்பதற்காக உள்ளங்கையை நக்கிக் காட்டினாளாம். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தாளாம். எனக்கே அதுவரை தெரியாது. அந்தப் படம்தான் அதை அவள் வாயிலிருந்து வரவழைத்தது.

காலம் ஓடுவதை அவர் காட்டியிருக்கும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். சின்னச் சின்னக் கட்டங்களில் ஒரே செடி துளிர்க்கிறது, பூக்கிறது, காய்கிறது, பனியில் புதைகிறது. வீட்டுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வராத ஏக்கம் முழுக்க அந்தச் செடியில் இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் அந்த ஒன்பது கட்டம் திரும்ப வருகிறது. கடிகாரம் புது ஊர்க் கடிகாரம், கெண்டி புது ஊர்க் கெண்டி. மனைவியும் மகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வெளியே போன அந்தச் சிறுமி, பெட்டியோடு திகைத்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு வழி காட்டுகிறாள். அவ்வளவுதான். அந்த நீட்டிய சின்னக் கையை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

நூலகப் பிரதியை மூன்று முறை புதுப்பித்த பிறகு, அம்மா ஊருக்குக் கிளம்பும்போது சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சேலைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினாள். இப்போது சாயங்காலமானால் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துக் கதை சொல்கிறாள். வீடியோ அழைப்பில் இங்கிருந்து என் மகன் குறுக்கே பாய்கிறான்:

“அப்பத்தா, அது டிராகன்னு சொல்லு!”

“போடா, பஞ்சம்னு சொல்லி முடிச்சாச்சு.”