‘பாத்துத்தான் அடிச்சேன்’ என்பதை எவ்வளவு நம்பலாம்?

2022 மே 23, ஜகார்த்தா. ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுடன் மோதல். அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வத்துக்கு இந்திய அணியில் அதுதான் முதல் ஆட்டம். 9-வது நிமிடத்திலேயே கோல். ஆட்டம் 1-1 என டிரா. அடுத்த ஆண்டு சென்னையில் மலேசியாவை 5-0 என்று சாய்த்தபோதும் கணக்கைத் தொடங்கியவர் அவர்தான்.

பொதுவாக, கோல் போட்ட ஃபார்வர்டிடம் கேட்டால் “கேப் தெரிஞ்சுது, பாத்துத்தான் அடிச்சேன்” என்பார். பொய்யில்லை, ஆனால் கணக்கு இடிக்கிறது. கோலுக்கு முன்னால் உள்ள ‘டி’ வளைவின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகப் பந்துக்கு அது அரை விநாடிப் பயணம். நடுவே மட்டையை நீட்டித் திருப்பிவிடுபவருக்கு அதிலும் பாதிதான். கண் பார்த்துக் கை அசையவே சுமார் 0.2 விநாடி ஓடிவிடும். யோசிக்க எங்கே நேரம்? மட்டை எங்கே இருக்க வேண்டும் என்பது பந்து கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

முடிவு எப்போது பிறக்கிறது என்பதை ஆய்வகத்திலும் அளந்திருக்கிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-ல் வெளியிட்ட சோதனையில், விரல் அசைவதற்கு அரை விநாடி முன்பே மூளையில் அலை எழுந்தது. ‘அசைக்கப் போகிறேன்’ என்ற எண்ணம் வந்ததோ 0.2 விநாடி முன்புதான். உடனே ‘சுயவிருப்பமே பொய்’ என்று சிலர் குதித்தார்கள். அது ஓவர். அந்த அலை மூளையின் தற்செயலான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012-ல் ஆரோன் ஷர்கர் குழு வாதிட்டது.

ஆட்டக்காரர்களுக்கு அதைவிட முக்கியம் லண்டனின் பாட்ரிக் ஹாகர்ட் குழு 2002-ல் கண்டது. தாமே விரும்பி விசையை அழுத்தி, கால் விநாடி கழித்து ஒலி கேட்டவர்களுக்கு இரண்டும் நெருங்கி நடந்ததாகத் தோன்றியது. மூளைக்குக் கொடுத்த காந்தத் தூண்டலால் விரல் துள்ளியபோது இடைவெளி கூடியதாகத் தோன்றியது. ‘நான் செய்தேன்’ என்ற உணர்வு சேர்ந்தால் நேரக் கணக்கே மாறிவிடுகிறது. கோல் அடித்தவரின் நினைவை ஸ்டாப்வாட்சாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெரம்பலூர் பக்கத்துக் கபடிக் களத்துக்கும் இது பொருந்தும். ரெய்டர் காலை நீட்டுவதுபோல் பாவ்லா காட்டுகிறார். மூலையில் நிற்கும் தடுப்பாளரான கார்னர் பாய்ந்து ஏமாறுகிறார். “பாவ்லான்னு தெரிஞ்சுது சார், நிறுத்த முடியல” என்றால் கோச் திட்டுவார். பெர்லின் ஆய்வாளர்கள் 2016-ல் பார்த்தது இதைத்தான்: அசைவு தொடங்க 0.2 விநாடிக்கும் குறைவாக இருந்தால் அதை ரத்துசெய்ய முடிவதில்லை. என் கணக்கில், கோல் போட்டவரின் பேட்டியைவிட ஏமாந்த கார்னரின் சாக்குதான் நம்பத்தக்கது. கோச் வீடியோவை ஓட்டிப் பார்க்கட்டும்: பாவ்லா என்று வெளிப்படும் முன்பே கார்னரின் எடை முன்காலுக்குப் போய்விட்டதா?